கையில் சட்டப் புத்தகம் இருந்தும் பார் தேர்வில் கோட்டை விடுவது ஏன்? பயிற்சிப் பட்டறைகளில் என்ன நடக்கிறது?

சட்டப் படிப்பு முடிச்சாச்சு. பார் கவுன்சிலில் பதிவும் பண்ணியாச்சு. கறுப்பு கவுனும் தைச்சாச்சு. ஆனாலும் ஒரு பரீட்சை பாக்கி இருக்கிறது. அதுதான் அகில இந்திய பார் தேர்வு, சுருக்கமாக ஏ.ஐ.பி.இ.

2009-10 கல்வியாண்டு முதல் சட்டம் முடித்த எல்லோருக்கும் இது கட்டாயம். இப்படி ஒரு தேர்வு வைக்க இந்திய பார் கவுன்சிலுக்கு அதிகாரம் இருக்கா என்ற கேள்வி பல ஆண்டுகள் உச்ச நீதிமன்றத்தில் இருந்தது. 5 நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 2023 பிப்ரவரி 10-ல் 'அதிகாரம் உண்டு' என்று சொல்லி முடித்து வைத்தது.

தேறாவிட்டால் என்ன ஆகும்?

பதிவு செய்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் தேர்ச்சி பெற வேண்டும். இல்லாவிட்டால் தேறும் வரை கோர்ட்டில் ஆஜராகி வழக்கு நடத்த முடியாது. எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம் என்பது ஆறுதல்தான். ஆனால் தேர்வு நினைத்தபோதெல்லாம் வருவதில்லை. 2021 அக்டோபரில் ஒன்று நடந்தது. அடுத்தது 2023 பிப்ரவரியில். பிறகு 2023 டிசம்பர், 2024 டிசம்பர், 2025 நவம்பர். கணக்குப் போட்டால், 2 ஆண்டு அவகாசத்தில் ஒருவருக்குக் கிடைத்தது சுமார் 2 வாய்ப்புதான். சீனியரிடம் ஜூனியராகச் சேர்ந்து, கைச்செலவுக்கே திண்டாடும் காலத்தில் ஒரு வாய்ப்பு போனால் வலிக்கும்.

புத்தகம் கையிலேயே இருக்கே?

முன்பு எந்தப் புத்தகத்தையும் கொண்டு போகலாம். 2021-ல் நடந்த 16-வது தேர்வு முதல் அது மாறிவிட்டது. இப்போது பேர் ஆக்ட், அதாவது சட்டப் பிரிவுகள் மட்டும் அச்சான புத்தகம், அதற்கு மட்டுமே அனுமதி. விளக்கவுரை, குறிப்பு எதுவும் இருக்கக் கூடாது. தேர்ச்சி மதிப்பெண்ணும் 2023 டிசம்பர் தேர்விலிருந்து பொதுப்பிரிவு, ஓ.பி.சி.க்கு 45 ஆகவும், எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கு 40 ஆகவும் உயர்ந்தது.

மொத்தம் 100 கேள்வி. ஒரு கேள்விக்குச் சுமார் 2 நிமிடம்தான். விடை புத்தகத்தில் இருக்கிறது என்று தெரியும், எந்தப் பக்கம் என்று தெரியாது. பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். சிவில் நடைமுறைச் சட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 158 பிரிவுகள் தனி, 51 ஆர்டர்கள் தனி. தற்காலிகத் தடை உத்தரவு பற்றிய கேள்விக்குப் பிரிவுகளைப் புரட்டிக்கொண்டிருந்தால் நேரம்தான் போகும். விவரம் இருப்பது ஆர்டர் 39-ல்.

அதனால்தான் சட்டக் கல்லூரிகள், வழக்கறிஞர் சங்கங்கள், தனியார் மையங்கள் நடத்தும் மறுபார்வைப் பட்டறைகளில் நல்லவை பாடம் எடுப்பதைக் குறைத்துக்கொள்கின்றன. ஒரு பிரச்சினையைச் சொல்லி, கடிகாரத்தை ஓட விட்டு, பிரிவைத் தேடச் சொல்வார்கள். ஜாமீன் என்றால் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35-வது அத்தியாயம், 478-ல் தொடங்கும் என்று கை தானாகப் போகும் வரை இந்தப் பயிற்சி. மூன்று ஆண்டு, ஐந்து ஆண்டு படித்ததை இரண்டு நாளில் மறுபடி லெக்சராகக் கேட்பதில் பெரிய பயன் இல்லை.

482 என்றால் எது?

2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் சட்டங்கள் வந்தது இன்னொரு தலைவலி. கொலைக் குற்றத்துக்கான தண்டனை ஐ.பி.சி.யில் 302. பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 103. இதாவது பரவாயில்லை. 482-தான் உண்மையான கண்ணி. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 482 என்றால் உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம். எஃப்.ஐ.ஆரை ரத்து செய்யச் சொல்லி மனு போடுவது அதன் கீழ்தான். புதிய சட்டத்தில் அதே 482 முன்ஜாமீனுக்கு வந்துவிட்டது. உள்ளார்ந்த அதிகாரம் 528-க்குப் போய்விட்டது. பழைய எண்களை மனப்பாடம் செய்து கல்லூரியை முடித்தவர்களுக்குப் பட்டறையில் முதல் வேலை, பழசையும் புதுசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான்.

எங்கே மார்க் இருக்கிறது?

பாடத்திட்டத்தில் 19 தலைப்புகள் உண்டு. ஆனால் எல்லாம் ஒரே எடை இல்லை. அரசியலமைப்பு, குற்றவியல் நடைமுறை, சிவில் நடைமுறை ஆகியவற்றுக்குத் தலா 10. குற்றச் சட்டம், சாட்சியச் சட்டம் தலா 8. இந்த ஐந்திலேயே 46 மதிப்பெண். குடும்பச் சட்டத்துக்கு 8, ஒப்பந்தம்-சொத்து சட்டங்களுக்கு 8 சேர்த்தால் 62. சைபர் சட்டம், கம்பெனி சட்டம், அறிவுசார் சொத்துரிமை போன்றவை தலா 2 மட்டுமே. கடைசி வாரத்தில் கம்பெனி சட்டத்தோடு மல்லுக்கட்டுவது லாபமில்லாத வேலை.

தவறான விடைக்கு மார்க் குறைப்பதும் கிடையாது. தெரியாத கேள்வி என்றாலும் ஒரு கட்டத்தை நிரப்பிவிட்டுத்தான் எழுந்து வர வேண்டும்.

தமிழிலும் இந்தத் தேர்வை எழுதலாம். ஆனால் கல்லூரியில் ஆங்கில பேர் ஆக்ட் வைத்துப் படித்துவிட்டு, தேர்வில் மட்டும் தமிழைத் தேர்ந்தெடுத்தால் கலைச்சொற்களிலேயே தடுமாற நேரிடும். மாதிரித் தேர்வையும் அதே மொழியில் எழுதிப் பார்ப்பது நல்லது. பட்டறையில் சேரும் முன் அந்த வசதி இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

கல்லூரி முழுக்கக் கோடு போட்டு, ஓரத்தில் பேனாவால் குறிப்பு எழுதி வைத்த பழைய புத்தகத்தைத் தேர்வறைக்குள் விட மாட்டார்கள். சுத்தமான புதுப் பிரதியைச் சில வாரம் முன்பே வாங்கி, பட்டறைக்கும் அதையே எடுத்துப் போனால் பக்கங்கள் கைக்குப் பழகிவிடும்.