ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு கம்பைலர்கள்: சண்டை வராமல் வைப்பது எப்படி?

போன செமஸ்டரில் ஒரு வியாழக்கிழமை இரவு, சித்தி மகளிடமிருந்து போன். இரண்டாம் ஆண்டு இன்ஜினியரிங் படிக்கிறாள். குரலில் அழுகை.

"அண்ணா, வீட்டுல சூப்பரா ஓடுன புரோகிராம் காலேஜ் லேப்ல பதினேழு எரர் காட்டுது. ஒரு எழுத்துகூட மாத்தலண்ணா. திங்கட்கிழமை யுனிவர்சிட்டி பிராக்டிகல்."

பின்னணியில் சித்தப்பா, "லேப்டாப்பை பார்மட் பண்ணிட்டா சரியாயிடுமானு கேளு" என்றார். நம் வீடுகளில் எந்தக் கோளாறுக்கும் முதல் வைத்தியம் பார்மட்தானே! வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, எரர் செய்தியை வாசிக்கச் சொன்னேன். "சி++98 முறையில் இந்த வகை லூப்புக்கு அனுமதி இல்லை" என்று இருந்தது. அப்போதே விஷயம் புரிந்துவிட்டது. கோளாறு லேப்டாப்பிலும் இல்லை, புரோகிராமிலும் இல்லை. கம்பைலரின் வயதில் இருந்தது.

கம்பைலர் என்பது நாம் எழுதும் சி, சி++ வரிகளை, கம்ப்யூட்டர் நேரடியாக இயக்கக்கூடிய பைலாக மாற்றித் தரும் மென்பொருள். அவள் காலேஜ் லேபில் இருப்பது டெவ்-சி++ 5.11. அது 2015-ல் வந்தது. அதற்குள் இருக்கும் கம்பைலர் ஜிசிசி 4.9.2. வீட்டிலும் முதலில் இதுதான் இருந்திருக்கிறது. 'இதெல்லாம் பழசு, தூக்கிப் போடுங்கள்' என்று ஏதோ ஒரு வீடியோவில் சொன்னதைக் கேட்டு, அதை நீக்கிவிட்டு ஜிசிசி 14 போட்டுக்கொண்டாள். இது 2024-ல் வந்தது. இரண்டு மாதம் அதிலேயே பழகிவிட்டாள்.

1998-க்குப் பிறகு சி++ மொழி நிறைய மாறிவிட்டது. 2011, 2014, 2017, 2020 என்று புதுப்புது தரவிதிகள் வந்தன. நாம் எதுவும் சொல்லாவிட்டால் 4.9.2 கம்பைலர் 1998-ம் ஆண்டு விதிப்படி படிக்கும். 14-ம் பதிப்போ 2017 விதிப்படி படிக்கும். அதனால் வீட்டில் சரி என்றது, லேபில் தப்பு ஆனது.

இதில் எதிர்ப்பக்கமும் உண்டு. புதிய கம்பைலர் எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளும் என்று நினைக்காதீர்கள். சி புரோகிராமில் ஸ்ட்ரிங்.ஹெச் பைலைச் சேர்க்க மறந்துவிட்டு ஸ்டிர்லென் பங்ஷனைப் பயன்படுத்தினால், பழையது ஒரு எச்சரிக்கையோடு விட்டுவிடும். ஜிசிசி 14 எரர் என்று சொல்லி நின்றுவிடும். முதலாமாண்டில் அவள் எழுதிய சி புரோகிராம்களில் சில இப்படித்தான் வீட்டில் ஓட மறுத்தனவாம்.

ஆகவே புதியதை நீக்க வேண்டாம், பழையதையும் பக்கத்தில் வைத்துக்கொள்வோம் என்று முடிவு செய்தோம். இங்கேதான் நானே சறுக்கினேன்.

கமாண்ட் பிராம்ப்ட்டில் ஜி++ என்று டைப் செய்தால், விண்டோஸ் அந்தப் பெயருள்ள பைலைத் தேடி 'பாத்' என்ற பட்டியலில் உள்ள போல்டர்களுக்கு வரிசையாகப் போகும். முதலில் எங்கே கிடைக்கிறதோ அதுதான் ஓடும். அதற்குப் பின்னால் இன்னும் நான்கு இருந்தாலும் கவலைப்படாது. சரி, பழைய கம்பைலரின் போல்டரைப் பட்டியலில் சேர்த்து, 'மூவ் அப்' பட்டனால் முதலிடத்துக்கு ஏற்றச் சொன்னேன். செய்தாள். புதிய விண்டோ திறந்து பார்த்தால் மறுபடியும் 14 என்றே காட்டியது. அரை மணி நேரம் போனிலேயே மண்டையை உடைத்துக்கொண்டோம்.

காரணம் இதுதான். என்விரான்மென்ட் வேரியபிள்ஸ் பெட்டியில் பாத் என்று இரண்டு பட்டியல்கள் உண்டு. மேலே உள்ளது உங்கள் பயனர் கணக்குக்கு உரியது. கீழே உள்ளது சிஸ்டத்துக்கு உரியது. திரையில் கீழே இருப்பதைத்தான் விண்டோஸ் முதலில் படிக்கும்! அவள் புதிய கம்பைலரை சிஸ்டம் பட்டியலில் போட்டிருந்தாள். நான் பழையதைப் பயனர் பட்டியலில் ஏற்றிக்கொண்டிருந்தேன். தொழிலே இதுதான் என்றாலும் அன்று எனக்கு அது உறைக்கவில்லை.

இந்தக் குழப்பத்தை 'வேர் ஜி++' என்ற ஒரே கட்டளையில் கண்டுபிடித்துவிடலாம். ('வேர்' என்பது 'எங்கே' என்று கேட்கும் ஆங்கிலச் சொல். கட்டளைகளை ஆங்கில எழுத்தில்தான் டைப் செய்ய வேண்டும்.) உங்கள் கம்ப்யூட்டரில் பாத் வழியாகக் கிடைக்கும் எல்லா ஜி++ பைல்களின் முகவரியையும் வரிசைப்படி காட்டும். முதல் வரியில் இருப்பதே ஓடப்போவது. பவர்ஷெல் விண்டோவில் இதே கட்டளை எதுவும் காட்டாது. அங்கே 'வேர்' என்பது வேறொரு கட்டளையின் சுருக்கப் பெயர். அங்கே 'வேர்.இஎக்ஸ்இ' என்று முழுதாக டைப் செய்யுங்கள்.

பிறகு பாத் பட்டியலோடு மல்லுக்கட்டுவதையே விட்டுவிட்டேன். இரண்டு பட்டியல்களிலிருந்தும் கம்பைலர் வரிகளை நீக்கச் சொன்னேன். சி டிரைவில் கம்பைலர் என்று ஒரு போல்டர், அதற்குள் 492, 14 என்று இரண்டு போல்டர்கள். பெயரில் இடைவெளி வேண்டாம், சில கருவிகள் தடுமாறும். 'புரோகிராம் பைல்ஸ்' போல்டருக்குள் வைக்காததும் அதனால்தான். ஒன்றின் மேல் ஒன்றை மட்டும் இன்ஸ்டால் செய்துவிடாதீர்கள்.

அடுத்து நோட்பேடில் மூன்று வரி. முதல் வரியில் 'செட் பாத்' என்று எழுதி, சமக்குறி போட்டு, 492-க்குள் இருக்கும் பின் போல்டரின் முகவரி, ஒரு அரைப்புள்ளி, பிறகு இரண்டு சதவீதக் குறிகளுக்கு நடுவே மீண்டும் பாத். கடைசிப் பகுதியை விட்டால் விண்டோஸின் மற்ற கட்டளைகள் அந்த விண்டோவில் வேலை செய்யாது. இரண்டாவது வரியில் 'கலர் 1எஃப்'. மூன்றாவது வரியில் 'சிஎம்டி'. இதை 'பேட்' என்ற எக்ஸ்டென்ஷனோடு டெஸ்க்டாப்பில் சேமிக்க வேண்டும். டபுள் கிளிக் செய்தால் நீல விண்டோ திறக்கும். அதில் பழைய கம்பைலர் மட்டும்தான். கலர் வரி இல்லாமல் 14-க்கும் இன்னொரு பைல், அது கறுப்பு விண்டோ. ஒவ்வொன்றின் மாற்றமும் அந்தந்த விண்டோவோடு முடிந்துவிடும். நீலம் தேர்ந்தெடுத்தது என் ஆசைக்கு. டர்போ சி பார்த்தவர்களுக்குப் புரியும்.

ஒரு சிறு தொல்லை மிச்சமிருந்தது. கறுப்பு விண்டோவில் தயாரித்த பைலை வெளியே டபுள் கிளிக் செய்தால், ஒரு டிஎல்எல் பைலைக் காணோம் என்று புகார் வரும். கம்பைல் செய்யும்போது கட்டளையின் இறுதியில் 'ஹைபன் ஸ்டாட்டிக்' சேர்த்தால் போதும். பைல் பெருக்கும், ஆனால் தனியாக ஓடும்.

லினக்ஸில் இவ்வளவு சிரமம் இல்லை. உபுண்டுவில் ஜிசிசி-12, ஜிசிசி-13 என்று பதிப்பு எண்ணோடு தனித்தனிப் பெயரில் உட்காரும், வேண்டியதைப் பெயர் சொல்லி அழைக்கலாம்.

வெள்ளியும் சனியும் அவள் எல்லா புரோகிராம்களையும் நீல விண்டோவில் ஓட்டிப் பார்த்தாள். பெரும்பாலானவற்றுக்கு 2011 விதியைத் தேர்ந்தெடுத்ததே போதுமானதாக இருந்தது. டெவ்-சி++-ல் டூல்ஸ், கம்பைலர் ஆப்ஷன்ஸ், செட்டிங்ஸ், கோட் ஜெனரேஷன் என்று போனால் லாங்குவேஜ் ஸ்டாண்டர்ட் என்ற இடத்தில் இது இருக்கும். மூன்று புரோகிராம்களில் மட்டும் 2017-ல் வந்த வசதி ஒன்றைப் பயன்படுத்தியிருந்தாள். ஆட்டோவுக்குப் பிறகு சதுர அடைப்புக்குள் இரண்டு பெயர் எழுதுவது. 4.9.2-க்கு எந்த விதியைச் சொன்னாலும் இது புரியாது. அந்த வரிகளை பர்ஸ்ட், செகண்ட் என்று பழைய முறையில் மாற்றி எழுதினாள்.

திங்கட்கிழமை மதியம் மெசேஜ் வந்தது: "அவுட்புட் வந்துடுச்சுண்ணா!" போன வாரம் பார்த்தபோது அவள் லேப்டாப்பில் பச்சையாக மூன்றாவது விண்டோ ஒன்று. ஜிசிசி 8. மினி புராஜெக்ட் தோழி அதைத்தான் வைத்திருக்கிறாளாம்.