நரியும் நம் கோழிக்கூண்டும்

காலையில் நரி முகத்தில் விழித்தால் அன்று நல்லது நடக்கும் என்பது நம் நாட்டார் நம்பிக்கை. அதே நரி நள்ளிரவில் நம் கோழிக்கூண்டின் முகத்தில் விழித்துவிட்டால், நம்பிக்கை மறைந்து கோபமே மிஞ்சுகிறது. ஏரிக்கரையும் பனந்தோப்பும் முட்புதர்க் காடும் அடுத்தடுத்துக் கிடக்கும் உத்திரமேரூர் வட்டாரச் சிற்றூர்களில் இது புதிய செய்தியன்று. நரி, காட்டுப்பூனை, கீரி, மரநாய், உடும்பு, பாம்பு, பருந்து ஆகிய அனைத்தும் நம் வேலிக்கு அப்பால் வாழும் அண்டை வீட்டாரே.

ஒரு கோழியின் இழப்பு பட்டணத்தாருக்குச் சிறிதாகத் தோன்றலாம். கணவனை இழந்த ஒரு தாய்க்கோ, நான்கு பெட்டைக் கோழிகள் என்பவை பிள்ளையின் நோட்டுப் புத்தகம், பேருந்துக் கட்டணம், காய்ச்சலுக்கு மருந்து ஆகும். ஆகவே, கோழியையும் குட்டியையும் பறிகொடுத்தோரின் துயரத்தை நாம் எளிதாக எண்ணுவதற்கில்லை. ஆனால், அத்துயரம் தேடும் பரிகாரம் எது என்பதையே இங்குச் சற்று ஆராய விரும்புகிறோம்.

நஞ்சும் மின்கம்பியும்

செத்த கோழியில் பூச்சிமருந்தைத் தடவி வேலியோரம் போட்டுவிடுவது சிலரது வழக்கம். நஞ்சுக்கு முகம் பார்க்கத் தெரியாது. அதை உண்பது நரியாகவும் இருக்கலாம். அண்டை வீட்டு நாயாகவும், மயிலாகவும் இருக்கலாம். அதைத் தொட்ட கையை வாயில் வைப்பது நம் வீட்டுக் குழந்தையாகவும் இருக்கலாம்.

வேறு சிலர் வேலிக் கம்பியில் வீட்டு மின்சாரத்தைப் பாய்ச்சுகின்றனர். 2023 மார்ச் மாதத்தில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே இத்தகைய கம்பியில் சிக்கி மூன்று யானைகள் ஒரே இரவில் மாண்டன. உடன் வந்த இரு குட்டிகள் மட்டுமே தப்பின. யானையையே சாய்க்கும் கம்பி, இரவில் தண்ணீர் பாய்ச்சச் செல்லும் மனிதரை விட்டுவைக்குமா? மேலும், 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நரி, காட்டுப்பூனை, உடும்பு முதலியவற்றைக் கொல்வது சிறைத் தண்டனைக்குரிய குற்றமாகும்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

குற்றவாளி யார் என்று அறியாமல் தண்டனை வழங்குவது நீதியாகாது. நரி பெரும்பாலும் கோழியைக் கவ்விக்கொண்டு போய்விடும். சிதறிய இறகுகளே மிஞ்சும். கீரியோ மரநாயோ கூண்டுக்குள் புகுந்தால், தின்பதைவிட அதிகமாகக் கடித்துக் கொன்றுவிடக்கூடும். ஓடுகூட மிஞ்சாமல் முட்டை மறைந்தால் பாம்பின் மீது ஐயம் கொள்ளலாம். பல ஆடுகள் ஒருசேரக் குதறப்பட்டு, பெரும்பாலும் தின்னப்படாமல் கிடந்தால், அது தெருநாய்க் கூட்டத்தின் வேலையாகவே இருக்கக்கூடும். ஈரோடு, திருப்பூர் மாவட்டங்களில் அண்மை ஆண்டுகளில் ஆடுகளை இழந்த விவசாயிகள் இழப்பீடு கேட்டுப் போராடியது நரியினால் அன்று, நாய்களினாலேயே. நாம் வளர்த்துக் கைவிட்டவற்றின் பழியை நரியின் தலையில் சுமத்துவது முறையோ?

காவல் நம் கையில்

கூண்டைத் தரையில் வைக்காமல் உயர்த்தி அமைத்தல் நலம். தரையில்தான் அமைக்க வேண்டுமெனில், அடியில் கருங்கல் பாவி, சுற்றிலும் ஒரு முழ ஆழத்திற்குக் கம்பிவலையைப் புதைத்துவிட்டால், தோண்டும் விலங்கு சலித்துத் திரும்பும். வலையின் கண் சிறியதாயிருத்தல் வேண்டும்; கூரையும் மூடியிருத்தல் வேண்டும். கதவைச் சாத்தும் நேரம் பொழுது சாய்வதற்கு முன்னரே தவிர, இரவு உணவுக்குப் பின் அன்று. பருந்துக்கு அஞ்சும் பகலில், குஞ்சுகளைக் கூடையின்கீழ்க் கவிழ்த்து வைத்த நம் பாட்டிமாரின் வழக்கம் இன்றும் நல்ல வழக்கமே.

அனைத்திலும் மேலானது ஒன்றுண்டு. கோழிக் குடலையும் செத்த கன்றையும் ஏரிக்கரையில் எறிந்துவிட்டு, நரி வருகிறதே என்று நோவதில் பொருளில்லை. அழைப்பிதழ் அனுப்பியவர் நாமே. சோழன் முதலாம் பராந்தகன் காலத்தில், பத்தாம் நூற்றாண்டிலேயே, ஏரிக்கு ஒரு வாரியமும் தோட்டத்துக்கு ஒரு வாரியமும் குடவோலையால் தேர்ந்தெடுத்துக் கல்லில் பொறித்து வைத்த ஊர் உத்திரமேரூர். அவ்வூரைச் சுற்றி வாழும் நாம், இறைச்சிக் கழிவை எங்கே ஆழப் புதைப்பது என்று கூடிப் பேசி முடிவெடுக்க இயலாதா?

வீட்டு நாய்க்கும் தடுப்பூசி

இரவில் அவிழ்த்துவிடப்படும் நாய் நரியோடு மோதி நமக்குக் கொண்டுவரக்கூடிய கொடிய பொருள் வெறிநோய். 1885 ஜூலையில் லூயி பாஸ்டர், நாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவன் யோசேப்பு மைஸ்டருக்குத் தம் தடுப்பு மருந்தை முதன்முதலாகச் செலுத்தி அவனைப் பிழைக்கச் செய்தார். நம் குன்னூரிலேயே 1907 முதல் பாஸ்டர் பெயரால் ஒரு நிலையம் இயங்கி வருகிறது. எனினும், உலகில் வெறிநோயால் மடிவோரில் மூன்றில் ஒருவருக்கு மேல் இந்தியர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு.

ஆதலால், நாய்க்குட்டிக்கு மூன்று மாதத்தில் முதல் ஊசியும், பின்னர் கால்நடை மருத்துவர் கூறும் காலத்தில் தொடர் ஊசியும் தவறாமல் போடுவோம். நாயோ நரியோ கடித்துவிட்டால், மிளகாய்த்தூளும் சுண்ணாம்பும் வேண்டாம். ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனை செல்லவேண்டும். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பழைய அச்சம் இன்று தேவையில்லை. தோளில் சில ஊசிகளோடு முடிந்துவிடும். காயம் ஆழமானால் காயத்திலேயே இடும் மருந்தும் உண்டு.

அவற்றால் நமக்கு என்ன பயன்?

நெல் விளையும் பூமியில் பெருந்திருடன் எலியே. அவ்வெலியைச் சாரைப்பாம்பும் கூகையும் காட்டுப்பூனையும் நரியும் கூலியின்றிப் பிடிக்கின்றன. இவற்றை ஒழித்துவிட்டு எலிமருந்துக்குப் பணம் செலவிடுவது எவ்வகைச் சிக்கனம்?

பாம்பைக் கண்டதும் தடியெடுப்போர் நம் அண்டையில் வாழும் இருளர் மக்களை நினைவுகூர்தல் நன்று. 1978இல் மாமல்லபுரத்திற்கருகே வடநெம்மேலியில் அவர்கள் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றைப் பிடித்து, நஞ்சை எடுத்து, மீண்டும் காட்டில் விடுகிறது. அந்நஞ்சிலிருந்தே பாம்புக் கடிக்கு மருந்து தயாராகிறது. அவர்களுள் வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவரும் 2017இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு மலைப்பாம்பு பிடிக்க அழைக்கப்பட்டனர். 2023இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றனர். நாம் கொல்ல நினைப்பதைப் பிடித்து உயிர் காப்பவர்கள் அவர்கள்.

அருகிலுள்ள வேடந்தாங்கலைப் பாருங்கள். பறவைகளின் எச்சம் ஏரிநீரை உரமாக்கி வயலை வளர்ப்பதை அறிந்த அவ்வூரார், தலைமுறை தலைமுறையாக அவற்றைக் காத்து வருகின்றனர். பட்டாசையும் அடக்கி வைக்கும் ஊர் அது.

அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் குபியோ ஊரைக் கலங்கச் செய்த ஓநாயிடம் சென்று பேசிய கதையைக் குழந்தைகளும் அறிவர். அக்கதையில் ஓநாய் மட்டும் வாக்குக் கொடுக்கவில்லை. ஊராரும் வாக்குக் கொடுத்தனர். இரு தரப்பும் தத்தம் கடமையை ஏற்றபோதே அமைதி பிறந்தது. இன்று காட்டு விலங்குக்கு நாம் உணவிட வேண்டியதில்லை, இடுவதும் தவறு. நம் பங்கு, கதவைச் சாத்துவதும் கழிவைப் புதைப்பதும் நாய்க்கு ஊசி போடுவதுமே. நரி தன் இயல்பில் நிற்கிறது. அறிவு படைத்த நாம் நம் கடமையில் நிற்போமாக. இன்று பொழுது சாயுமுன் கூண்டின் அடிப்பகுதியைக் குனிந்து ஒருமுறை பார்த்து வைப்போம்.