தண்ணீருக்கடியில் ஒரு சந்தை: நமக்கு உரியது எது?

நீருக்கடியில் பரிசோதிக்கும் சிறிய ரோபோக்களுக்கும் சோனார் கருவிகளுக்கும் உலகச் சந்தையில் கேள்வி கூடி வருகிறது. அணைக்கட்டு, பாலத்தூண் ஆகியவற்றைப் பார்வையிடவும் மூழ்கியவர்களைத் தேடவும் இவை உதவுகின்றன. கலங்கிய நீரில் கமராவுக்கு வேலையில்லை. ஒலியலையால் தேடும் சோனாரே வழிகாட்டும்.

ஆனால் இதற்குப் பல இலட்சம் ரூபா முதல் வேண்டும். வாங்குவோர் கடற்படை போன்ற அரச அமைப்புகளும் பெரிய கம்பனிகளுமே. கேள்விப்பத்திரத்தில் நடக்கும் வியாபாரம் அது.

ருவான்வெல்லை வியாபாரிக்குரிய சந்தை தண்ணீரின் மேலேதான் இருக்கிறது. களனி கங்கையும் குருகொட ஓயாவும் நமக்குப் பக்கம். 2025 நவம்பரில் டித்வா புயலின் வெள்ளமும் மண்சரிவும் நாட்டில் 600க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தன. உயிர்காப்பு அங்கி, மிதவை வளையம், மீட்புக் கயிறு ஆகியவற்றைப் பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கும் தோட்டங்களுக்கும் கித்துல்கல படகுச் சவாரிக்காரருக்கும் விற்கலாம். மே மாத மழைக்கும் ஒக்டோபர் மழைக்கும் முன்பே சரக்கு கடையில் இருக்க வேண்டும்.

கொள்வனவின்போது இரண்டைக் கவனியுங்கள். அங்கியில் நியூட்டன் அளவு இருக்கும். 50 என்பது நீந்தத் தெரிந்தவருக்கு. தெரியாதவருக்கு 100 அல்லது அதற்கு மேல் வேண்டும். நைலோன் கயிறு அமிழும். பொலிப்ரொப்பிலீன் கயிறு மிதக்கும்.

மலிவான போலிச் சரக்கும் சந்தையில் உண்டு. சட்டையில் குறையென்றால் மாற்றிக் கொடுக்கலாம். இந்த அங்கியில் குறையென்றால், முறையிட வாங்கியவர் திரும்பி வரமாட்டார். அந்த இலாபத்தில் பரக்கத் ஏது?