ஆற்றில் தொடங்கும் கடல் பாடம்!

1996-ல் அமெரிக்காவில் வெளியான தேசிய அறிவியல் கல்வித் தரநிலைகளில், கடலுக்குக் கிடைத்த இடம் மிகக் குறைவு. கடல் பற்றிக் கற்பிக்கும் ஆசிரியர்களும் விஞ்ஞானிகளும் இதைச் சும்மா விடவில்லை. 2004-ல் இணையவழியில் இரண்டு வாரங்கள் கூடி விவாதித்தார்கள். விளைவு, ஒவ்வொரு மாணவரும் அறிய வேண்டிய 7 அடிப்படைக் கருத்துகள். ‘பூமியில் இருப்பது ஒரே பெருங்கடல்’ என்பதுதான் முதல் கருத்து!

இந்த ஆசிரியர்கள் வட்டார அளவிலும் கூடுகிறார்கள். ஓரிகான், வாஷிங்டன், அலாஸ்கா மாநிலங்களோடு, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவையும் இணைக்கிறது வடமேற்கு வட்டார அமைப்பு. எல்லை தாண்டி ஏன் சேர வேண்டும்? அங்குள்ள சால்மன் மீனைக் கேட்டால் சொல்லும். ஆற்றுக் கூழாங்கற்களுக்கு இடையே பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிட மீண்டும் பிறந்த ஆற்றுக்கே திரும்பும் மீன் அது. நாட்டு எல்லையெல்லாம் அதற்குத் தெரியாது.

அந்தப் பகுதிப் பள்ளிகள் பலவற்றில், வகுப்பறைத் தொட்டியிலேயே சால்மன் முட்டைகளைப் பொரிக்கவைத்து, குஞ்சுகளை ஓடையில் விடுகிறார்கள். தான் வளர்த்த குஞ்சு நீந்தும் ஓடையில் குப்பை போட எந்தப் பிள்ளைக்கு மனசு வரும்?

உங்கள் வீட்டுக் குட்டியிடமும் கேட்டுப் பாருங்கள்... நம் தெரு மழைநீர் வடிகால் எங்கே போய்ச் சேருகிறது? கடல் பாடத்தை அங்கிருந்தே தொடங்கலாம்!