கிறவல் ரோடு – 9: ஊவாவுக்கு விலை ஏறினால் ரோடு காய்ந்துவிட்டது

கொழுந்து லொறி ஓடாத நேரம் எது, தோட்டத்து கேட்டில் யாரிடம் அனுமதி கேட்பது என்பதெல்லாம் எழுதியாயிற்று. தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு நினைவிருக்கும். இந்த வாரம் ஓஹியவிலிருந்து களுபஹனவுக்குச் சைக்கிளில் இறங்கும் பாதை என்று சொல்லியிருந்தேன். அங்கே எந்த மாதம் போவது என்று விசாரிக்கப் போய், வாரம் முழுவதும் வேறொரு விஷயத்திலேயே கிடந்துவிட்டேன். அதைச் சொல்லாமல் பாதைக்குள் இறங்க மனம் வரவில்லை.

கொட்டாஞ்சேனையில், ஜம்பட்டா வீதிப் பக்கம், தேயிலைத் தரகு நிறுவனமொன்றில் ருசி பார்ப்பவராக இருந்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் இருக்கிறார். அவரிடம் பழைய தோட்ட வரைபடங்கள் ஏதும் கிடைக்குமா என்று கேட்கத்தான் போனேன். வாகனம் வராத மண்ரோடுகள் அந்தப் படங்களில் துல்லியமாக இருக்கும். அவர் படத்தைப் பற்றிப் பேசவே இல்லை.

“படம் கிடக்கட்டும் தம்பி. ஏல விலையைப் பாருங்கோ. ஊவாவுக்கு விலை திடீரென்று ஏறுதா? அப்ப அங்க ரோடு காஞ்சிட்டுது. சைக்கிளை எடுத்துக்கொண்டு போங்கோ.”

கொழும்பில் 1883 முதல் தேயிலை ஏலம் நடக்கிறது. வாரந்தோறும் விலை வெளியாகிறது. அந்த விலைப் பட்டியலில் மலைநாட்டு ரோட்டின் ஈரம் எழுதியிருக்கும் என்று அதுவரை எனக்குத் தோன்றியதில்லை. வீட்டுக்கு வந்து யோசிக்க யோசிக்க, ஐயா சொன்னது அத்தனையும் சரியாகப் பொருந்தி வருகிறது.

மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து ஈரத்தோடு வந்து மலைநாட்டின் மேற்குச் சரிவில் மோதுகிறது. கினிகத்தேனை, வட்டவளைப் பக்கத்தில் மழை கொட்டித் தீர்க்கிறது. வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்யும். இலங்கையிலேயே மிக நனைந்த இடங்களில் அது ஒன்று. ஈரத்தை அங்கே இறக்கிவிட்ட காற்று ஹோர்ட்டன் சமவெளியையும் ஹப்புத்தளை முகட்டையும் தாண்டிக் கிழக்கே இறங்குகிறது. ஈரமிழந்த காற்று ஒவ்வொரு 100 மீற்றர் இறங்கும்போதும் ஏறத்தாழ 1 பாகை செல்சியஸ் சூடேறும். ஆகவே ஊவாவுக்கு வந்து சேருவது மழைக்காற்று அல்ல, உலர்ந்த காற்று. மட்டக்களப்பில் ஆளை வாட்டி எடுக்கிற கச்சான் இதுவேதான். ஆல்ப்ஸ் மலையின் வடக்குச் சரிவில் வீசும் ஃபோன் காற்றும் இந்தக் குடும்பம்தான்.

பதுளை ரயிலில் போனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பட்டிப்பொலைக்கும் ஓஹியவுக்கும் நடுவில் 18ஆம் இலக்கச் சுரங்கம் இருக்கிறது. பாதையின் உச்சியும் அங்கேதான், ஏறத்தாழ 1,900 மீற்றர். ஓகஸ்டில் இந்தப் பக்கம் யன்னல் கண்ணாடியில் மழைநீர் வழிய உள்ளே நுழைந்த பெட்டி, அந்தப் பக்கம் வெயிலில் வெளியே வருவதுண்டு. அதைப் பார்க்கும்போதெல்லாம் பிள்ளைகள் கைதட்டுவார்கள். எனக்கும் தட்டத் தோன்றும்.

இனித் தேயிலைக்கு வருவோம். கச்சான் அடிக்கும் ஜூலை முதல் செப்டம்பர் வரை ஊவாவில் கொழுந்து மெதுவாகவே துளிர்க்கும். தண்ணீர் குறைந்து, பகலில் வெயிலும் காற்றும் வாட்ட, செடி தன்னைக் காத்துக்கொள்ளச் சில வாசனைப் பொருள்களைக் கூடுதலாகச் சுரக்கிறது. மெதைல் சலிசிலேற் அதில் முக்கியமானது. மூட்டுவலிக்குப் பூசுகிற தைலங்களில் மணப்பதும் இதுதான். ஊவாத் தேநீரை வாயில் வைத்ததும் மூக்கில் ஏறுகிற குளிர்ச்சி இங்கிருந்துதான் வருகிறது. டார்ஜிலிங், சீனத்துக் கீமுன் ஆகியவற்றோடு சேர்த்து உலகின் தலைசிறந்த கறுப்புத் தேயிலைகளில் ஒன்றாக ஊவாவைச் சொல்வதும் இந்தச் சில வாரங்களின் கொழுந்தை நம்பித்தான். அந்த வாரங்களில் வாங்குபவர்கள் போட்டி போட, விலை ஏறுகிறது. செடியை வாட்டிய அதே காற்று ரோட்டையும் காயவைத்திருக்கும். ஐயா சொன்னதில் அதிசயம் ஒன்றுமில்லை, ஆனாலும் எனக்கு அதிசயமாகவே இருக்கிறது.

காய்ந்த ரோடு என்பது சின்ன விஷயமல்ல. தோட்டத்து ரோட்டில் பல இடங்களில் கருங்கல்லைக் கையால் அடுக்கி, மேலே கிறவல் கொட்டி இறுக்கியிருப்பார்கள். கிறவல் கரைந்து போன இடத்தில் கல் முதுகு காட்டி நிற்கும். மழைமாதத்தில் அதன்மேல் பாசி படர்ந்தால் 40 மில்லிமீற்றர் டயரும் பிடிக்காது. இறக்கத்தில் பிரேக் பிடித்தீர்களோ, பின்சில்லு உங்களை முந்திக்கொண்டு மலைப்பக்கத்துக் கானுக்குள் போய்விடும். அட்டைக்கடி வேறு. கச்சான் மாதத்தில் அதே கல் வெளுத்துச் சொரசொரப்பாகக் கிடக்கும், கான் உலர்ந்திருக்கும், செம்மண் தூசி மட்டும் கணுக்கால் வரை ஏறும்.

காற்றின் வேகத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஹப்புத்தளை முகட்டில் அது ஆளையே தள்ளும். தம்பேதென்ன தோட்டத்தில் ஒரு பெரியவர் சொன்னார்: “ஆடி ஆவணியில வாங்க தம்பி. ஆனா காத்துக்கு எதிரா மிதிக்காதீங்க, அதுகூட யாராலயும் மல்லுக்கட்ட முடியாது.” நியாயமான பேச்சு. அந்த மாதங்களில் காற்று முதுகில் இருக்கும்படி மேற்கிலிருந்து கிழக்கே போவதாகத் திட்டமிடுங்கள்: ரயிலில் ஓஹியவிலோ இதல்கஸ்ஹின்னவிலோ இறங்கி, பண்டாரவளையில் முடியுங்கள். லிப்டன் 1890இல் கட்டிய தம்பேதென்ன தொழிற்சாலையிலிருந்து லிப்டன் சீட் வரைக்கும் தேயிலைக்குள்ளேதான் ரோடு போகிறது. ஆனால் விடியற்காலையில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிய ஓட்டோக்கள் வரிசைகட்டும். சூரிய உதயத்தை அவர்களுக்கு விட்டுவிட்டு, பகல் திரும்பியபின் ஏறுங்கள்.

மேற்குச் சரிவில் இருப்பவர்கள் ஏமாற வேண்டாம். ஜனவரி முதல் மார்ச் வரை கணக்கு அப்படியே புரளும். அப்போது திம்புளைக்குத் தரமான பருவம். தலவாக்கலை, ஹட்டன் ரோடுகள் காய்ந்திருக்கும். நுவரெலியாவில் சில காலைகளில் புல்மேல் உறைபனி கிடக்கும்.

ஒக்டோபர், நவம்பரில் மலைக்கே போகாதீர்கள். இதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மழையில் ஊறிய மலை சரிந்து லயன்களை மூடியது. அங்கே ஆபத்து இருப்பது முன்பே சொல்லப்பட்டிருந்தது. ஆனாலும் சனத்துக்குப் போக வேறு இடம் கொடுக்கப்படவில்லை. நாம் சவாரிக்குப் போகிற ரோட்டோரத்தில் அப்படிப்பட்ட லயன்கள் இன்னும் இருக்கின்றன. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருக்கும் நாளில், பொழுதுபோக்குக்காக அந்தச் சரிவுகளில் சைக்கிள் ஓட்டுவது தவறு. ஏதாவது நடந்தால் நம்மைத் தேடி அந்த மழையில் இறங்கப் போவது அந்தத் தோட்டத்து இளைஞர்கள்தான்.

ஓஹிய–களுபஹன இறக்கம், வழியில் 263 மீற்றர் உயரத்திலிருந்து விழும் பம்பரகந்தை நீர்வீழ்ச்சி, சைக்கிளை ரயிலில் பார்சலாக அனுப்பும் முறை எல்லாம் அடுத்த வாரம்.

அதற்குள் ஓர் உதவி. ஊவாத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்து இப்போது வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ இருக்கும் வாசகர்கள் பலர் இருக்கிறீர்கள். உங்கள் தோட்டத்து ரோடு எந்த மாதம் காயும், எந்தக் குறுக்கில் சைக்கிளை உருட்டிப் போகலாம், கொழுந்து மடுவத்தில் நிறுவை எத்தனை மணிக்கு என்று ஒரு தபாலட்டையில் எழுதி அனுப்புங்கள்.