தவணை முடியும் ஒப்பந்தம்

முடியும் நாள் முன்னரே எழுதப்பெற்றிருந்தும், அம்முடிவை எதிர்பாராத இடரென எண்ணி மயங்குவோர் நம்மிற் பலர். ஒரு நிறுவனத்தின் ஊழியராகாமல், குறித்த வேலையைக் குறித்த காலத்திற்குத் தம் பொறுப்பில் ஏற்றுச் செய்பவரை ‘ஃப்ரீலான்சர்’ என்று இக்காலத்தார் வழங்குவர். மொழிபெயர்ப்பு, மெய்ப்புத் திருத்தம் முதலிய பணிகள் பெரும்பாலும் இம்முறையில் நடைபெறுதலின், கல்லூரியை விட்டுச் செல்லும் தமிழ் மாணவர் பலர்க்கு முதல் ஊதியம் இவ்வழியே வருதல் கூடும். அவ்வூதியத்தை நோக்கியிருக்கும் குடும்பங்களும் உள. ஆதலின் ஒப்பந்த முடிவில் செய்யத்தக்கன யாவை என ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் அறியவேண்டுவது, ஊழியர் வேறு, ஒப்பந்ததாரர் வேறு என்பதாம். 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்படி, குறித்த காலத்திற்கு அமர்த்தப்பெற்ற ஊழியரும் ஓராண்டு பணிபுரிந்தாற் பணிக்கொடைக்கு உரியராவர். தம் பொறுப்பில் உழைப்பவர்க்கு அஃது இல்லை. அவர்க்குத் துணையாவது பெரிதும் ஒப்பந்த எழுத்தே.

ஆறு திங்களில் ஒரு நூலை மொழிபெயர்த்துத் தர ஒருவர் உடன்பட்டார் எனக் கொள்வோம். நான்காம் திங்கள் முடியும்போதே, ஒப்பந்தம் நீளுமா என அவர் மின்னஞ்சலால் வினவுதல் வேண்டும். ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்னும் வாய்ச்சொல்லை நம்பித் தவணை கடந்தும் உழைப்பின், ஊதியம் எவ்வளவு என்பதே வழக்காகும். இலவசமாகச் செய்யுங் கருத்தின்றிச் சட்டத்திற்கு இயையச் செய்த பணியின் பயனை நுகர்ந்தோர் ஈடு தரவேண்டும் என்பது 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆம் பிரிவு. எனினும், அதனை மெய்ப்பிக்கும் சுமை உழைத்தவர்மேலதே.

பணியை ஒப்படைக்கும் நாளில், ஒப்படைத்தவற்றின் பட்டியலை அனுப்பி, பெற்றுக்கொண்டமைக்கு எழுத்தாற் சான்று பெறுக; இறுதிப் பில்லையும் உடனே அனுப்புக. வருமான வரி பிடிக்கப்பட்டிருப்பின், அதற்குரிய சான்றிதழையும் கேட்டுப் பெறுக. வேலை தொடங்குமுன்னரே ‘உத்யம்’ பதிவு செய்துகொண்ட குறுந்தொழிலர்க்கு, 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் அரணாகும். பணி ஏற்கப்பட்ட நாளிலிருந்து 45 நாட்களுக்கு மேற்படாமல் பணம் தருதல் வேண்டும் என்றும், தாழ்த்தின் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மும்மடங்கு வட்டி மாதந்தோறும் கூட்டுவட்டியாக ஏறும் என்றும் அது விதிக்கின்றது. அப்பதிவிற்குக் கட்டணம் இல்லை.

இனி, உரிமை பற்றிச் சிறிது கூறுவாம். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின்படி, தம் பொறுப்பில் மொழிபெயர்த்தவரே அம்மொழிபெயர்ப்பின் முதல் உரிமையாளர். அவர் கையெழுத்திட்ட பத்திரத்தாலன்றி அவ்வுரிமை பிறர்க்கு மாற்றப்படாது. பத்திரத்திற் காலம் குறிக்கப்படாவிடின் ஐந்தாண்டு என்றே கொள்ளப்படும். ஆதலின் இறுதி நாளில் நீட்டப்படும் தாள்களைப் படியாது ஒப்பமிடல் தகாது. ‘முடிந்தபின் ஈராண்டு வேறெவர்க்கும் இத்தொழில் செய்யேன்’ என்பது போன்ற நிபந்தனை, ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி செல்லாது. ஆயினும், பணியின்போது அறிந்த மறைச்செய்திகளைக் காத்தல் நம் கடமையாம்.

கையெழுத்திடும் நாளிலேயே முடியும் நாளையும் நாட்காட்டியிற் குறித்துவைத்து, இவற்றை ஒவ்வொன்றாக நிறைவேற்றுவார், உழைத்த கூலியை இழவாமலும் உறவு கெடாமலும் அடுத்த பணிக்குச் செல்வர் என்பது திண்ணம்.