சேதுக் கடலின் மீன்மகளும் கிரேக்கச் சைரன்களும்

கிரேக்கத் தொன்மத்தின் சைரன்களை இடைக்குமேல் பெண்ணாகவும் கீழே மீனாகவும் விளக்கும் வழக்கம் தமிழ் எழுத்துகளிலும் உண்டு. ஆயின் ஓமரின் ஒடிசி பன்னிரண்டாம் பகுதி அவற்றின் உடலை வருணிக்கவே இல்லை. பண்டைக் கிரேக்க மட்கலங்களில் அவை பெண்தலை கொண்ட பறவைகள். மீன்வால் இடைக்கால ஐரோப்பாவின் சேர்க்கை. அவை ஒடிசியசை ஈர்ப்பதும் உடலழகால் அன்று. உலகில் நிகழ்வன அனைத்தையும் தாம் அறிவதாகப் பாடி, அறிவாசையைத் தூண்டியே அழைக்கின்றன.

தனுஷ்கோடிக் கடலுக்குரிய மயக்கும் மீன்மகளை வான்மீகத்திலோ கம்பராமாயணத்திலோ காண இயலாது. அனுமன் கடல் தாண்டுகையில் எதிர்ப்படும் சுரசையும், வான்மீகி சிம்மிகை என்றும் கம்பர் அங்காரதாரை என்றும் கூறும் அரக்கியும் விழுங்க வருபவர்கள்; மயக்க வருபவர்கள் அல்லர். அம்மீன்மகள் இருப்பது சயாமில். முதலாம் இராமர் என்னும் மன்னர் காலத்தில், 1797இல் உருவான இராமகியனில் இராவணனின் மகள் சுவண்ணமச்சா தன் மீன்கூட்டத்தோடு அணைக்கற்களை அகற்றுகிறாள். தடுக்கக் கடலுள் இறங்கிய அனுமன் அவள்மேல் காதல் கொள்ள, மச்சானு என்னும் மகன் பிறக்கிறான். மயக்க வந்தவள் அவளா, மயக்கியவன் அனுமனா என்பது அங்கே தெளிவற்றே நிற்கிறது. கம்போடியாவின் ரியாம்கேரும் இக்கதையை அறியும்.

தமிழில் வழங்கும் மயிலிராவணன் கதையிலும் அனுமனுக்கு மகன் உண்டு. ஆனால் அங்கே தாய் வெறும் மீன். கடலில் விழுந்த அனுமனின் வியர்வைத்துளியை அது விழுங்கியதே பிறப்புக்குக் காரணம். பிரமசரியம் குன்றாமல் மகனைத் தரும் உத்தி இது. காதலை ஏற்கும் மரபில் மீன் பெண்ணாகிறது. ஏற்காத மரபில் மீனாகவே நின்றுவிடுகிறது எனலாம்.

கடற்பசுவே கடற்கன்னிக் கதைகளின் மூலம் என்பது பரவலான கருத்து. கொலம்பசு 1493இல் தாம் கண்ட கடற்கன்னியர் ஓவியங்களில் உள்ள அளவு அழகாக இல்லை எனக் குறித்தார். அவை மனாட்டிகள் என்பர். 1811இல் இல்லிகர் இவ்விலங்கினத்துக்குச் சைரீனியா எனப் பெயரிட்டார். இக்கருத்தைச் சேதுக் கரைக்கும் நீட்டுவது பொருந்தாது. பாக் நீரிணை, மன்னார் வளைகுடா மீனவர் ஆவுளியா, கடற்பசு என்றே இதனை அழைப்பர். பின்னைய பெயர் கடற்புல் மேயும் இயல்பைச் சுட்டுகிறதேயன்றிப் பெண்ணுருவை அன்று. இறைச்சிக்காக வேட்டையாடப்பட்டும் வலையில் சிக்கியும் அருகிவரும் இவ்வுயிருக்கென 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் காப்பகத்தை அறிவித்தது. தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதிகளே அதன் எல்லை. தனுஷ்கோடிக் கடல் அதனுள் அடங்கவில்லை.